உடுக்க மாட்டாள்

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் கூடத்தின் மேல்மாடி.
ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி.
மேசைமேல் கட்டம் போட்ட தாள்,
ஏத்தங்காய் சிப்ஸ்,
இருபது முகம் கொண்ட பகடை.
நாலு பேருக்கும் அது ஒன்றுதான்.

இங்கே என் பெயர் கொடுவேலி.
காட்டுமந்திரக்காரி. ஆறாம் நிலை.
மழையை அழைப்பேன், மரநாயாக மாறுவேன்,
முள்ளை வளரச் சொன்னால் வளரும்.
இரும்புச் சட்டை மட்டும் ஆகாது.

"செம்பு?" என்று முதல் நாளே கேட்டேன்.
"செம்பும் ஆகாது."
"ஈயம்?"
"ஒரு உலோகமும் ஆகாது பிள்ளே" என்றான் ஆன்றோ.
ஆட்டம் நடத்துகிறவன் அவன்.
வாரநாளில் மின்கம்பம் ஏறுகிறவன்,
எதில் எது பாயும் என்று அறிந்தவன்.

ஆனால் வளைந்த வாள் ஆகலாமாம்.
ஷிபு சண்டைக்கு வந்தான்:
வெட்டுகிற இரும்பு ஆகும்,
காக்கிற இரும்பு ஆகாதா?
எனக்கு அதில் குழப்பமே இல்லை.
விடியுமுன் எங்கள் பறம்பில்
முந்நூறு மரத்துக்கு அப்பா கத்தி வைக்கிறார்.
கத்தி மரத்துக்குப் பழக்கம்.
சட்டை போட்ட மரத்தை நான் கண்டதில்லை,
மழைக்காலத்தில் கட்டுகிற
பிளாஸ்டிக் பாவாடையைத் தவிர.
அதுவும் உலோகமில்லை.

கமுகம்பாளையை ஏழடுக்காய்த் தைத்துப் போட்டேன்.
ஒரு அம்புக்குக் கிழிந்தது.
அயனிப் பலகையில் கேடயம் செய்தேன்.
பிறகு ரப்பர் ஷீட், புகைபோட்டது,
பத்து, ஒன்றன்மேல் ஒன்றாக.
"அந்த உலகத்துல ரப்பர் கிடையாது" என்றான் ஆன்றோ.
பலகை இடுக்கு வழியே
கீழிருந்து அதன் நெடி ஏறி வந்துகொண்டிருந்தது.

நான் சொல்லாத ஒன்று உண்டு.
என் இடது காறையெலும்பில்
ஒரு தகடு, ஆறு திருகாணி.
தோட்டியோட்டு வளைவில் டெம்போ இடித்த வருஷம்
ஆசாரிப்பள்ளத்தில் வைத்துத் தைத்தது.
மழைக்கு முன்னே குடையத் தொடங்கும்.
மந்திரம் சொல்லிக் கொடுவேலி அறிவதை
திருகாணி சொல்லி நான் அறிவேன்.
இன்று ஆட்டம் தொடங்குமுன்பே சொல்லிவிட்டது.

குகைவாயில் பூதம்.
கொடுவேலிக்கு மிச்சம் மூன்று புள்ளி உயிர்.
சஜிதாவின் படைத்தலைவி போன வாரமே செத்தாள்;
அவள் சங்கிலிச்சட்டை ஈரத்தில் கிடக்கிறது.
"எடுத்து உடு" என்றாள் சஜிதா.
"எனக்கு இனி அது என்னத்துக்கு?
உடுத்தா என்ன ஆகும்னு போட்டிருக்கா?"

ஆன்றோ புரட்டினான்.
உடுக்க முடியாது என்று இல்லை.
உடுத்தால் சாவாள் என்று இல்லை.
மந்திரம் வற்றும் என்றுகூட இல்லை.
உடுக்க மாட்டாள் என்றிருந்தது.
அதற்கப்புறம் வேறு பாடம்.

முடியாது என்றிருந்தால் வழக்காடியிருப்பேன்.
எத்தனை முடியாதோடு ஆடியிருக்கிறேன்,
அந்த பைக்கே ஒன்று.
இது என்னிடமே வந்து நின்றது.
கொடுவேலியின் தாளைப் பார்த்தேன்:
முழுக்க என் கையெழுத்து,
ஓரத்தில் சிப்ஸ் எண்ணெய்.

"மாட்டா" என்றேன்.

ஓட்டில் மழை விழத் தொடங்கியது.
பூதத்துக்காக ஆன்றோ உருட்டினான்.
பகடை மேசை தாண்டி
அலமாரிக்கு அடியில் போயிற்று.
படுத்துக் கையை விட்டேன்.
இடது கை, அதற்குமேல் நீளாது.
யாரோ செல்போன் வெளிச்சம் அடித்தார்கள்.
பத்தொன்பது.

தூசி தட்டி நான் எழுவதற்குள்
ஷிபு சொல்லியிருந்தான்,
தன் ஆள் குறுக்கே பாய்வதாக,
கேடயத்தைக் கொடுவேலிக்கு மேலே சாய்ப்பதாக.

"அது இரும்புல்லா?" என்றேன்.

"நீ உடுக்கல்லியே.
நான்லா பிடிக்கேன்."

ஆன்றோ புத்தகத்தைத் தொடவில்லை.
பகடையை ஷிபுவிடம் நீட்டினான்.