ஐம்பத்திரண்டாம் தரிப்பிடம்

காலையில் காரை நிறுத்தியபோது இதைப் பார்க்கவில்லை.
காலையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது
தவநேசனின் உதட்டு நிறத்தை.

லண்டன் வால் என்பதை
வெறும் தெருப்பெயர் என்றே
இருபத்திரண்டு வருஷம் நம்பியிருந்தேன்.
திரும்பி வந்து பார்த்தால்,
மணிக்கணக்கில் காசு வாங்கும் இந்த நிலவறைக்குள்
சுவர் நிற்கிறது.

இந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேன்,
அதன் முன்கண்ணாடிக்குள் நசுங்கிய கோப்பிக் கப் இரண்டு.
அந்தப் பக்கம் யாரோ வக்கீலின் கறுப்பு பிஎம்டபிள்யூ.
நடுவே ரோமர்.

சாம்பல் கல் சில வரிசை,
பிறகு சப்பட்டையாய்ச் செங்கல்,
மறுபடி கல்.
ஒரு நகரத்தையே காத்தது
இப்போது டியூப் லைட்டுக்குக் கீழே,
ஓய்வுபெற்ற ராணுவத்தான்
கடை வாசல் காவலுக்கு வந்ததுபோல.

ஐந்து நிமிட நடையில் ஆஸ்பத்திரி.
அங்கே அவர் இதயத்தைப் படம் பிடிக்கிறார்கள்,
பாண் வெட்டுவதுபோல் துண்டு துண்டாக.
துணைக்கு வந்தவர் வெளியே இருக்கலாமாம்.
அந்த நீல நாற்காலியில் இருக்கப் பயந்து
காருக்கு ஓடி வந்தவள் நான்.

சாவிக்கொத்து குலுங்க குவாபெனா வந்தார்.
மஞ்சள் மேற்சட்டை, தூக்கம் போதாத கண்.
"படம் எடுக்க வருவார்கள்.
எடுத்துவிட்டு,
தங்கள் காரை எங்கே விட்டோம் என்று என்னிடம் கேட்பார்கள்."
எத்தனை வயசு இதற்கு?
"ஆயிரத்து எண்ணூறு, கொஞ்சம் முன்பின்."
டிக்கெட் எடுத்திருக்கிறதா?
சிரித்தார்.
"கம்பனிக்குச் சொல்லிவிடாதீர்கள்."

மிளகுக்கு நம் கரை தேடி வந்த யவனர்தானே என்று
சொந்தம் கொண்டாடலாம்.
மனசு அதற்கு வரவில்லை.
நான் கேட்க நினைத்தது வேறு:
இந்தக் கல்லைத் தூக்கி வைத்த கூலிக்காரன்
அன்று மதியம் என்ன தின்றான்,
அவன் வீட்டிலும் யாருக்காவது
படியேறினால் மூச்சு வாங்கியதா?

அவனுக்கும் காரை, எனக்கும் காரை.
எழுத்து ஒன்றுதான்.
அவன் பூசினான்,
நான் நிறுத்தினேன்.

தொடாதே என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.
தொட்டேன்.
பிரிட்ஜ் கதவின் குளிர்.
விரலில் ஒட்டிய மணல் ஒரு பொட்டு,
தட்டிவிடவும் மனமில்லை,
வைத்துக்கொள்ளவும் இடமில்லை.

நிலவறையில் சிக்னல் கிடையாது
என்பது மேலே ஏறியபின்தான் தெரிந்தது.
தவறிய அழைப்பு நாலு.
மூன்று அவர்.
ஒன்று தெரியாத இலக்கம்.

வாசலில் நிற்கிறார்,
கோட்டுப் பித்தான் ஒன்று மாறி,
முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டி.
"எங்க போனனீர்?"
"ஒரு சுவர் பாத்துக்கொண்டு நிண்டனான்."
"சுவரோ?"
"ஓம். சுவர்."
முடிவு வெள்ளிக்கிழமை சொல்வார்களாம்.

கூட்டிப்போய்க் காட்டினேன்.
ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.
பிறகு கட்டண மெஷினைப் பார்த்து,
"இருபத்தெட்டு பவுணோ!" என்று
நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், பகிடிக்கு.
அடிக்க ஓங்கிய கையை
அவர் தோளில் வைத்தேன்.
எடுக்கவில்லை.

அந்த இலக்கத்துக்கு
இன்னும் நான் திருப்பி அழைக்கவில்லை.

காரைப் பின்னால் எடுத்தபோது
பீப் பீப் என்று கத்தியது,
சுவர் கிட்ட இருக்கிறதாம்.