ஏழாவது ஓரம்

உனக்கு மட்டும் நேரம் எங்கிருந்து கிடைக்கிறது
என்று கேட்கிறாள் பக்கத்துப் பண்ணை சோல்வெய்க்.
பக்கம் என்றால் நான்கு மைல்.
சஸ்காட்செவனில் அது பக்கம்தான்.
கனோலா வயலுக்கு அப்பால்
அவள் சமையலறை விளக்கை
நட்சத்திரக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

கிடைப்பதில்லை, சோல்வெய்க்.
கோதுமை லாரியோடு கிடங்கு வாசலில் நிற்கிறேன்,
எனக்கு முன்னால் பதினோரு லாரிகள்.
ஸ்டீயரிங்கில் புத்தகத்தைச் சாய்த்தால்
என் முறை வருவதற்குள் நாற்பது பக்கம்.
பின்னாலிருப்பவன் ஹாரன் அடித்தால்
கதையில் யாரோ கதவைத் திறக்கப்போகிறார்கள்
என்று அர்த்தம்.

ஒன்றுவிட்ட வியாழன்களில் நூலக வண்டி வரும்.
போன மாதம் எடுத்த துப்பறியும் நாவலில்
கடைசி மூன்று பக்கம் கிழிந்திருந்தது.
வண்டி ஓட்டும் பெர்னெலைத் திட்டலாமென்றால்
அவள் அதைப் படித்ததே இல்லையாம்.
கேரட் வரிசையில் களையெடுக்கும்போது
பாதிரியார்தான் கொன்றிருப்பார் என்று தோன்றியது.
வெங்காயத்துக்கு வந்தபோது
அவர் நல்லவராகிவிட்டார்.
உருளைக்கிழங்கு தோண்டி இடுப்பு விட்டுப்போனபோது
செத்தவளே செய்திருப்பாள் என்று முடித்தேன்,
அதற்குமேல் குனிய முடியவில்லை.

போர்வை விஷயம் வேறு.
உன் ஹால்வர் வயிற்றில் இருந்தபோது
ஆரம்பித்தது அது.
தொட்டிலுக்கென்று அளவெடுத்தேன்.
அந்த வருடம் டெல்மருக்கு முதுகு அறுவைச் சிகிச்சை,
அடுத்த வருடம் ஆலங்கட்டி மழை,
அதற்கடுத்த வருடம் காரணமே இல்லை.
பையன் நடக்க ஆரம்பித்தான்.
தொட்டில் அளவைச் சுற்றி ஓர் ஓரம் தைத்தேன்.
பையன் பேச ஆரம்பித்தான்.
இன்னோர் ஓரம்.
அவன் வளர்கிற வேகத்தை
என் ஊசி இன்னும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் நான்காம் தேதி ராத்திரி
உறைபனி வரும் என்று ரேடியோ சொன்னது
ஒன்பதரை மணிக்கு,
டெல்மர் வயலில், நான் கால் கழுவிவிட்டு
அத்தியாயம் பதினாறில்.
வீட்டிலிருந்த பெட்ஷீட் எல்லாவற்றையும்
பூசணிக்கும் பீன்ஸுக்கும் விரித்தாயிற்று.
மேஜைவிரிப்பு, குளியல் துண்டுகள்,
மாமனாரின் மழைக்கோட்டு, எல்லாம் போயாயிற்று.
தக்காளி மட்டும் வெறும் மேலோடு நின்றது.
எட்டுச் செடி. ஒன்றுகூடப் பழுக்கவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஆறு ஓரமுள்ள போர்வையைத் தூக்கிவந்து
செடிகள் மேல் போட்டேன்.

காலையில் அது பலகைபோல விறைத்திருந்தது.
ஒரு முனையைத் தூக்கினேன்.
உள்ளே பச்சையாக,
நேற்று எப்படியோ அப்படியே,
தூங்கி எழுந்த முகத்தோடு எட்டுச் செடி.

சனிக்கிழமை ஹால்வர் சைக்கிளில் வந்தான்,
நான்கு மைல், தனியாக,
உன்னிடம் சொல்லாமல்தான் என்று நினைக்கிறேன்.
என் போர்வை ஆயிற்றா என்றான்
கடனை வசூலிக்க வந்தவன்போல.
தரையில் விரித்துக் காட்டினேன்.
நடுவில் இலைச்சாறு இறங்கிய கறை, உள்ளங்கை அளவு,
மூன்று முறை துவைத்தும் போகாதது.
இது என்ன?
தக்காளி படுத்த இடம்.
அவன் அதன்மேலேயே மல்லாந்து படுத்துப் பார்த்தான்.
கால் இரண்டும் வெளியே நீண்டிருந்தன.
பரவாயில்லை, என்றான், அவசரமில்லை.
பிறகு பையிலிருந்து
முழங்கை கிழிந்த நீல ஃப்ளானல் சட்டையை எடுத்து
இதையும் வை என்று கொடுத்துவிட்டு
இரண்டு பிஸ்கட்டோடு கிளம்பிவிட்டான்.

ஏழாவது ஓரம் நீலம், சோல்வெய்க்.
சட்டையின் தையலைப் பிரித்துவிட்டேன்.
ஒரு பாக்கெட்டில் கொஞ்சம் மணலும்
ஒரு வெட்டுக்கிளிக் காலும் இருந்தன.
பாக்கெட்டை அப்படியே விட்டுத் தைப்பதாக யோசனை.

மழை இல்லையென்றால் நாளை பட்டாணி அறுவடை,
மழை என்றால் தையல்.
எந்தப் பக்கம் வேண்டிக்கொள்கிறேன் என்று
டெல்மரிடம் சொல்லாதே.
நூல் கோத்த ஊசியை
ஜன்னல் திரையில் குத்தி வைத்திருக்கிறேன்,
புத்தகத்தில் அடையாளம் வைப்பதுபோல.