சலசல

வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியடில்
ரெண்டு பேருக்கு ஒரு கதைப் புத்தகம்
தருவார் லூர்து டீச்சர்.
என் ஜோடி சேவுகன்.
நான் வாசிப்பேன். அவன் என் வாயைப் பார்ப்பான்.
அவன் காது மிஷினுக்கு
இந்த மாதமும் பேட்டரி வரவில்லை.

ஏழாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினான்.
'ஓடை சலசலவென்று ஓடியது.'
நோட்டில் எழுதிக் கேட்டான்:
சலசல எப்படி இருக்கும்?
சத்தம்டா, என்றேன்.
எப்படி?
சலசலன்னு இருக்கும்.
அவன் பார்த்த பார்வையில்
நான் அடிமுட்டாள்.

புதுவயலில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம்
ஓடை கிடையாது, ரைஸ்மில்தான்.
அழகம்மை ஓடிப்போய்
குழாயடியில் வாளியை நிரப்பி வந்தாள்.
கையை விட்டுவிட்டு 'ஈரம்' என்று எழுதினான்.
சோலைமலை டவுசர்ப் பையிலிருந்த நெல்லை
அவன் மணிக்கட்டில் கொட்டினான்.
'அரிக்குது.'
யாரோ மிட்டாய்த் தாளைக் கன்னத்தருகே கசக்க
அடிக்கவே போய்விட்டான்.

டீச்சர் போர்டில் எழுதினார்:
இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது.
எழுதிவிட்டு
அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சேவுகன் எழுந்துபோய் சாக்பீஸை வாங்கினான்.
பளபள.
வழவழ (அவன் அம்மா பெருக்கும்
செட்டியார் வீட்டுச் சுவரை
எங்களில் அவன் மட்டும்தான் தொட்டிருக்கிறான்).
கமகம. வெடவெட. கிறுகிறு.
நான் உரக்க வாசித்துக்கொண்டே வந்தேன்.
ஒன்றுக்குக்கூடச் சத்தம் இல்லை.

கடைசியாக எழுதினான்: துமுதுமு.
அப்படி ஒரு வார்த்தை இல்லப்பா, என்றார் டீச்சர்
வாயை நன்றாகத் திறந்து.

அவரை விட்டுவிட்டு என் கையை இழுத்து
ஜன்னல் கம்பியில் வைத்தான்.
எதிர் மில் ஓடிக்கொண்டிருந்தது.
அதன் இரைச்சல் எங்களுக்குப் பழகி
ஒன்றாம் வகுப்பிலேயே காணாமல் போய்விட்டது.
இப்போது கம்பிக்குள்ளிருந்து
உள்ளங்கைக்கு வந்து,
முழங்கை வரை ஏறி,
பல்லில் போய் நின்றது.
பின்னால் வரிசை கட்டினார்கள்.
டீச்சர் ஏழாவது.

பெல் அடித்தபோதும்
புத்தகம் ஏழாம் பக்கத்திலேயே கிடந்தது.
மழை வரட்டும்,
ஊருணி மறுகால் போகும்போது
கணுக்கால் வரை இறக்கிவிடுகிறேன்,
அதுதான் சலசல என்கிறான் சோலைமலை.
அதுதானா என்று
எனக்கே இப்போது சந்தேகம்.