முப்பது மைக்ரான்

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள்.
எங்கள் பக்கம் நாய் நிறைய உண்டு,
கல் கிடையாது.
எங்கு தோண்டினாலும் களி,
களிக்குக் கீழே மணல்,
மணலுக்குக் கீழே மறுபடியும் களி.
ரயில்பாதை ஜல்லிகூட வெளியூர்.

அதனால்தான் வெளிப்பாளையம் கூரியர் பையன்
பெட்டியை இறக்கிவிட்டுத் தோளைத் தடவினான்.
"கல்லையா மேடம் தபால்ல அனுப்பறாங்க?"
கல்லைத்தான்.
இந்தியப் பெருங்கடலின் தரை,
அந்தத் தரைக்கும் கீழே ஆயிரத்து இருநூறு மீட்டர்
துளையிட்டு உருவியது. பெயர் கேப்ரோ.
அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி
ஒளி புகும்வரை தேய்த்துக் கொடுக்கவேண்டும்.
துண்டுக்கு நானூற்றைம்பது ரூபாய்.

பகலெல்லாம் மண், தண்ணீர் பரிசோதனை.
கரண்ட் நிற்காத இரவுகளில் இது.

கார்பரண்டம் பொடி, இரண்டு சொட்டுத் தண்ணீர்.
தட்டின்மேல் எட்டுப் போட்டுப் போட்டுத் தேய்க்கிறேன்.
லைசென்ஸ் எடுக்கப் போய்
எட்டில் இரண்டுமுறை காலை ஊன்றியவள் நான்.
எழுபது மைக்ரான். ஐம்பது.
முப்பதில் நிறுத்தத் தெரியவேண்டும்.
ஒரு சுற்று கூடினால்
கடலின் அடித்தளம் சாக்கடையில் போகும்.

லென்சுக்கு அடியில் வைத்தால் தெரிகிறது,
குழம்பு ஒரேயடியாக உறையவில்லை.
ஆலிவின் முந்திக்கொண்டு கட்டியாகி அடியில் தங்க,
மிச்சக் குழம்பு அதன் இடுக்குகளில் ஊர்ந்து மேலேறியிருக்கிறது,
போகிற வழியில் பழைய படிகங்களின் ஓரத்தைத் தின்று
தின்ற இடத்தில் வேறொன்றை வளர்த்துவிட்டு.
பல்தடம் அப்படியே இருக்கிறது.

பிறகு விரிசல்.
விரிசல் வழியே கடல்.
எழுநூறு டிகிரியில் கிடந்த பாறைக்குள்
நுழைந்த தண்ணீர் பழுப்பாய் ஒரு கோடு போட்டது.
சூடு தணிந்தபின் ஒரு பச்சை,
பழுப்பைக் குறுக்கே வெட்டி.
இரண்டையும் வெட்டிக்கொண்டு கடைசியாய்
மெல்லிய வெள்ளை நரம்பு.
அடங்கல் ஏட்டில்
அடித்து அடித்து எழுதிய பெயர்கள் போல.
மற்ற பச்சை எல்லாம் கோடுகூடப் போடவில்லை,
படிகம் படிகமாகக் குடியேறிவிட்டது.

ஒன்பதரைக்கு சந்தானசாமி வந்தார்.
போர் போடுகிறவர். ரிக் லாரி
வாசலில் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது.
கையில் ஒரு குளிர்பான பாட்டில்.
"திருப்பூண்டி கிழக்கு. நூத்தெம்பது அடி.
நாலு வருசம் முன்னால இதே வயல்ல
இளநி மாதிரி தண்ணி."

மின்முனையை முக்கினேன்.
மூன்றைத் தாண்டினாலே நெல் தாங்காது.
ஆறு புள்ளி எட்டில் நின்றது.

நிமிர்ந்தபோது அவர் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார்.
தட்டைத் திருப்பிக் காட்டினேன், நீலமும் ஆரஞ்சும் புரண்டன.
அவருக்கு நிறம் பிடிபடவில்லை.
"உள்ள ஒண்ணு ஆடுதே?"

ஆடும். ரசமட்டத்துக் குமிழிபோல.
விரிசல் ஒட்டியபோது சிக்கிக்கொண்ட துளி,
ஆறிச் சுருங்கியதில் உள்ளே வெற்றிடம்.
ஒரு கோடி வருசம் இருக்கலாம் என்றேன்.
வருசம் அவர் காதில் விழவில்லை.
"உப்பு எவ்வளவு?"

துண்டு அனுப்பும் பேராசிரியர்கள் யாரும்
என்னிடம் அதைக் கேட்டதில்லை.
கடலைவிடக் கூடுதலாக இருக்கும் என்றேன்.
கல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு
உப்பை ஒதுக்கிவிடும்.

கண்ணைக் கசக்கிக்கொண்டார்.
"கல்லு பச்சையாயிருச்சு,"
என்றார் கொஞ்சம் கழித்து,
"வயலு வெளுக்குது."

பாசனத்துக்கு உகந்ததல்ல
என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.
நாளைக் காலை இதை ராமாமிர்தத்திடம் காட்டவேண்டும்,
ஒன்றேகால் லட்சம் கடனில் போட்ட போர்.
மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
லாரி கருப்பம்புலம் கிளம்பியது,
அங்கே இன்னொரு துளை.

பாட்டிலை மறந்துவிட்டார்.
குழாயில் தண்ணீர் நின்று ஒரு மணி நேரம் ஆகிறது.
அடுத்த துண்டு எழுபதில் கிடக்கிறது.
மூடியைத் திருகினேன்.
தட்டில் இரண்டு சொட்டு விட்டு
எட்டுப் போட ஆரம்பித்தேன்.