ஊதிக் காட்டு

செவ்வாய்க்கிழமை மட்டும்தான் டாக்டர் வருவார்.
ஜன்னல் நிறைய நாகமலை, அதன் மேல் வெயில்.
ஃபேன் சத்தத்தில் பாதிதான் கேட்கிறது:
ஊதும்மா, விடாம, இன்னும், இன்னும்.
அட்டைக்குழல் எச்சிலில் நமுத்துவிட்டது.
மூன்றாவது தடவையும்
திரையில் கோடு பாதி ஏறிச் சரிந்தது.

எலியா, என்றார் டாக்டர்.
தூசி சார், என்றேன்.
முழங்கைத் தடிப்பைப் பார்த்தார்.
எத்தனையாவது வருஷம்?
மூணு. இன்னும் நாற்பது எலி பாக்கி
என்றேன், கடன் வாங்கியவளைப் போல.

என்னோடு வந்த ஒச்சப்பன்
வாசலுக்கு வெளியே நிற்கிறார்.
கூண்டு கழுவுகிறவர். பதினெட்டு வருஷத் தினக்கூலி.
இரவில் உட்கார்ந்தே தூங்குகிறவர்.
"எலிக்கூடத்துல இருந்துக்கிட்டு
நெஞ்சுக்குள்ள பூனை வளக்குறேன் தாயி."
இருமலுக்கு நடுவே சிரித்தார்.
பணியாளர் எண் இல்லாதவருக்கு
இங்கே கம்ப்யூட்டர் திறக்காது.

சிஸ்டர் வத்சலா அவரை எட்டிப் பார்த்தார்.
புதுக் குழல் ஒன்றைப் பிரித்தார்.
யார் பேர்ல போட?
என் பேர்ல, என்றேன்.

ஒச்சப்பன் கண்ணை இறுக மூடி ஊதினார்,
ஈர விறகு அடுப்பை ஊதுகிற மாதிரி.
கோடு எழவே இல்லை.
பிரிண்டர் மட்டும் தாளைத் தள்ளியது:
பௌசியா, வயது இருபத்தேழு, பெண்.

டாக்டர் இரண்டு தாளையும்
வெகுநேரம் அருகருகே வைத்திருந்தார்.
பிறகு ஒரே கடிதம் எழுதினார்:
எலிக்கூடத்திலிருந்து உடனே மாற்றவும்.
யாரை என்று நான் கேட்கவில்லை.
வெளியே திருமங்கலம் பஸ் போய்விட்டிருந்தது.
அடுத்ததற்கு
இரண்டு பேரும் மூச்சு வாங்க நடந்தோம்.