இல்லை என்று ஆட்ட முடியாத ஞாயிறு

விடிய எழும்பும்போதே
கழுத்து என் சொல் கேட்கவில்லை.
கிளங்கன் ஆஸ்பத்திரி வாசலில்
ஹயர் வந்தவர்களுக்காக ராத்திரி முழுக்கக் காத்திருந்து
த்ரீவீல் ஹாண்டிலில் தலையைச் சாய்த்துத் தூங்கியதற்குக் கூலி.

மேலும் கீழும் அசைகிறது.
பக்கவாட்டில் என்றால்
தோளுக்கும் காதுக்கும் நடுவே
யாரோ ஸ்பானர் போட்டு முறுக்குகிறார்கள்.

ஆமாம் என்று ஆட்டலாம்.
இல்லை என்று ஆட்டத்தான் வழியில்லை.

இது விளங்க யோகமலருக்கு
அரை நிமிசம் எடுத்தது.

“நிரோஜனுக்குப் புதுச் சப்பாத்து எடுக்கணும்.”
ஆட்டினேன்.
“இந்தச் சீட்டுக் காசு அம்மா வீட்டுக் கூரைத் தகரத்துக்கு.”
ஆட்டினேன்.
“ஒங்க தம்பிக்கு இனிமே கடன் கெடையாது.”
வாயைத் திறந்தேன்.
தாடை அசைய, ஸ்பானர் இன்னொரு சுற்றுச் சுற்றியது.
ஆட்டினேன்.

சிரித்துக்கொண்டே அடுப்பில் சட்டியை வைத்தாள்.
கல்லுப்பு படபடத்தது.
கட்ட ஒரு துணி தேட, கையில் சிக்கியது
மகனின் பள்ளிக்கூட மேஸ், ஒற்றை.
உப்பைக் கொட்டி, வாயை முடிந்து,
தன் புறங்கையில் ஒருதரம் வைத்துப் பார்த்து
அப்புறம்தான் என் பிடரிக்குக் கொண்டுவந்தாள்.
“சுடுதா? எதமா இருக்கா?”
அன்றைக்கு நானாக நினைத்து ஆட்டிய தலை
அது ஒன்றுதான்.

இஸ்தோப்பில் பக்கத்துக் காம்பரா செபமாலை.
“ஒரே திருப்பு. டக்குன்னு விட்டுப் போயிரும். நான் வரவா?”
அவர் திருப்பிவிட்ட தண்ணிப் பைப்
ரெண்டு மாசமாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது.
யோகமலர் கதவைச் சாத்தினாள்.

அவசரப்படாமல்
ஒரு விரல்கடை, இன்னொரு விரல்கடை.
வலிக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு,
திரும்பவும்.
பத்து மணிக்குக் கலண்டர் வரைக்கும் போனேன்.
பதினொன்றரைக்கு அரிசி வாளி.
நடுவில் தேத்தண்ணி, இன்னொரு மேஸ் உப்பு.
மூன்று மணிக்கு ஜன்னல் வந்து சேர்ந்தது:
மழை;
பதினோராம் நம்பர் மலை இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் வெள்ளை.

ஜன்னலடியில் அவள்
தலைக்குக் குளித்துவிட்டு,
முடியை முன்னால் எடுத்துப் போட்டு
உலர்த்திக்கொண்டிருந்தாள்.
உச்சியில் கூடைக்கயிறு உட்காரும் இடத்தில்
முடி கொஞ்சம் கம்மி.
அதை எத்தனை வருசமாய்ப் பார்க்கிறேனோ,
பார்த்ததில்லை.

எழுந்து போய்ப் பின்கழுத்தில் கைவைத்தேன்.
ஈரக் கயிற்றில் விழுந்த முடிச்சுப் போல
தோலுக்கடியில் ஒன்று. அதன் கீழே இன்னொன்று.

“வலிக்குதா?”
“எனக்கா? இல்லையே.”
“அப்ப இது என்னா?”
“எது?”
அழுத்திக் காட்டினேன்.
“அதுவா,” என்றாள்,
“அது கழுத்து.”

சட்டியை நானே வைத்தேன்.
எவ்வளவு நேரம் வறுக்கணும் என்று தெரியாது.
கொட்டியதும் மேஸின் குதிகால் பக்கம் உருகி
உப்பெல்லாம் தரையில்.
அவள் திட்டத் திட்ட
காக்கிச் சட்டையின் கைக்குள் மிச்சத்தைக் கட்டி
என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்து,
ஆறவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்து,
அந்த முடிச்சின்மேல் வைத்தேன்.

திட்டு பாதியில் நின்றது.

தகரத்தில் மழை.
நாளைக்குப் பெரட்டு ஏழு மணிக்கு,
இருபது கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்,
அதே கயிறு, அதே உச்சி.
உப்பு அதுக்கெல்லாம் என்ன செய்யும்?
ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் காணும்.

“ஆறிப்போச்சு. இன்னொருக்கா வறுக்கவா?”

எந்தப் பக்கம் வேண்டுமென்றாலும் திரும்புகிற கழுத்து அவளுக்கு.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
கண்ணைத் திறக்காமலே
மேலும் கீழும் ஆட்டினாள்.

பிறகு, நான் அடுப்பை ஊதும்போது,
“சப்பாத்தோட மேஸும் எடுக்கணும்,
ரெண்டு சோடி.”