நாற்பத்தாறாம் எண்

எங்கள் ரோட்ஹவுஸுக்கென்று தனியாக ஒரு நேரம் உண்டு.
பெர்த்துக்கு முக்கால் மணி முந்தி,
அடிலெய்டுக்கு முக்கால் மணி பிந்தி.
யாரும் கேட்காத அந்த நேரத்தில்
வெங்காயம் வதக்குகிறேன்,
டீசலுக்குப் பில் போடுகிறேன்,
தண்ணீரைக் காசுக்கு விற்கிறேன்.
நிலத்தடியில் இருப்பதெல்லாம் உப்பு.

ஏப்ரலில் பந்தயம் வரும்,
கடலிலிருந்து கடலுக்கு.
பின்னால் துணைவண்டி கூடாது.
ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடு,
முடியாதென்றால் ஒருவருக்கும் கொடுக்காதே.
கைதட்டலாம்.
கைதட்டலுக்கு மட்டும் விதி இல்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் திரை,
திரையில் நெடுஞ்சாலை, அடிக்கோல் வைத்து இழுத்த கோடு.
அதில் புள்ளிகள் ஊர்கின்றன,
ஊர்கின்றனவா என்று தெரிய
ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும்.

முதல் ஆள் நான்கு நாளுக்கு முன்பே போய்விட்டான்,
கேமராவும் போய்விட்டது.
டெஸ்மண்ட் பதாகையைச் சுருட்டி
ஃப்ரீஸருக்குப் பின்னால் செருகிவிட்டார்.
நான் பார்ப்பது கடைசிப் புள்ளியை.
நாற்பத்தாறு, யொர்மா கெஸ்டிலா, ஃபின்லாந்து,
கணக்கு வாத்தியாராம், வயது ஐம்பத்தெட்டு.
ஏன் இவர் என்று நெரிடா கேட்டாள்.
தெரியாது. யாராவது பார்க்க வேண்டுமே.

லாரிக்காரர்கள் ரேடியோவில் சேதி சொல்வார்கள்:
"சைக்கிள்காரர் ஒருத்தர், மேற்கே, வெள்ளைக் கோட்டின் மேலேயே வர்றார்,
கழுத்து ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கு,
பார்த்து வாங்கப்பா."
மூன்று டிரெய்லர் இழுக்கும் க்ளிஃப்
அவருக்காகவே எதிர்ச்சாரிக்கு முழுதாக விலகினானாம்.
அதுவும் உதவிதானா,
விதிப்புத்தகத்தில் தேடினேன். இல்லை.

பதினொன்று பத்துக்குப் புள்ளி நின்றது.
பன்னிரண்டுக்கும் அங்கேயே.
இரண்டுக்கும் அங்கேயே.
திரையைத் தட்டிப் பார்த்தேன்,
கோழி முட்டையைத் தட்டுவது போல.
இரண்டரைக்குச் சாவியை எடுத்தேன்.
ஃபிளாஸ்கில் பூசணி சூப்.
விதி தெரியும். ஆனாலும் ஊற்றினேன்.

முப்பத்தெட்டு கிலோமீட்டர்.
வழியோரம் கங்காருக்களின் கண்கள்,
ஒரு செத்த வாம்பேட்,
அப்புறம் உப்புப் புதருக்குள் சின்னதாக ஒரு சிவப்பு மினுக்கல்.
சைக்கிள் படுத்துக் கிடந்தது.
பக்கத்தில் வெள்ளித்தாளில் பொதிந்து,
ஷூவைக் கழற்றாமல்,
கையில் பாதி கடித்த சாசேஜ் ரோலோடு அவர்.

முகப்பு விளக்கை அணைத்தேன்.
மூச்சு இருக்கிறதா என்று குனிய வேண்டியிருக்கவில்லை.
அப்படியொரு குறட்டை.
ஒரு ரோட்-டிரெயின் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது,
வெள்ளித்தாள் படபடத்தது,
குறட்டை தாளம் தப்பவில்லை.

எழுப்பினால் சூப் கொடுத்துவிடுவேன்.
கொடுத்தால், இத்தனை நாள் அவர் தனியாக மிதித்தது
தனியாக மிதித்ததாக இருக்காது.
பானெட்டில் சாய்ந்து நானே குடித்தேன்.
உப்பு கம்மி.
இத்தனை நட்சத்திரம் எதற்கு என்று இருந்தது.

விடிந்து ஏழு இருபதுக்கு
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தார்.
தாடையை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தார்,
தலை நிற்கவில்லை.
மூன்று பை, இரண்டு சாக்லேட் பால், ஐந்து லிட்டர் தண்ணீர்.
மணி என்ன என்றார்.
எந்த மணி வேண்டும் என்றேன்.
கணக்கு வாத்தியார் அதற்குச் சிரித்தார்,
சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"ராத்திரி என் பக்கத்தில் ஒரு வீடு வந்து நின்றது,
இரண்டு ஜன்னலிலும் வெளிச்சம்.
பிறகு விளக்கை அணைத்துவிட்டு
உள்ளே யாரோ சூப் உறிஞ்சும் சத்தம்.
இப்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் ஏதாவது தெரிகிறது."

"தண்ணீருக்கு மட்டும் ஒன்பது டாலர்" என்றேன்.

எண்ணிக் கொடுத்தார், சில்லறை சரியாக.

வெளியே போய் நின்று கைதட்டினேன்.
ஒற்றை ஆள் கைதட்டினால்
காக்கை விரட்டுவது போலத்தான் இருக்கிறது.
அவர் திரும்பவில்லை, கழுத்து திரும்பாது,
விரல் இரண்டை மட்டும் கைப்பிடியிலிருந்து தூக்கினார்.

உள்ளே வந்தபோது வெங்காயம் கருகியிருந்தது.
புள்ளி இன்னும் எங்கள் கூரைமேலேயே இருந்தது.
ஒரு கோப்பைத் தேநீர் போட்டேன்.